ஃப்ரீமாண்ட் தெருவின் பழைய மோட்டல்கள்: பலகை நின்றால் தெரு நின்றதாகுமா?

வெயில்வழி (இழையைத் தொடங்கியவர்)

லாஸ் வேகஸ் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது ஸ்ட்ரிப் சாலையின் வானுயர்ந்த சூதாட்ட விடுதிகள்தாம். இந்த இழையில் நான் பேச விரும்புவது அதற்கு வடக்கே உள்ள பழைய நகர மையத்தைப் பற்றி. அதிலும் ஃப்ரீமாண்ட் தெருவின் கிழக்குப் பகுதியைப் பற்றி. மேற்கே 1995இல் போட்ட ஒளிக்கூரையின் அடியில் கூட்டம் அலைமோதும். கூரை முடிந்து, லாஸ் வேகஸ் பூல்வார்டைக் கடந்து, மதுக்கடைகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்த பிறகு, தெரு அகன்று வெறிச்சோடிவிடும். அங்கிருந்து சார்ல்ஸ்டன் சாலைவரை இரு மருங்கிலும் ஒரு காலத்தில் மோட்டல்கள் தோளோடு தோள் உரச நின்றன.

அவை ஏன் அங்கே முளைத்தன என்பதற்கு விடை எளிது. 1905 மே 15 அன்று ரயில் நிறுவனம் மனைகளை ஏலம் விட்டதிலிருந்து தொடங்கும் இந்த ஊருக்கு, 1931ஆம் ஆண்டு இரண்டு வரங்கள் ஒரே நேரத்தில் கிடைத்தன. நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. கொலராடோ ஆற்றில் ஹூவர் அணையின் வேலை தொடங்கியது. அணைக்குப் போகும் நெடுஞ்சாலை ஃப்ரீமாண்ட் தெரு வழியாகவே போயிற்று. போர் முடிந்து வீட்டுக்கொரு கார் வந்தபின், அந்தச் சாலையில் வந்தவர்களை இறக்கித் தங்கவைக்க இருபது முப்பது அறைகள் கொண்ட ஒற்றை மாடி, இரட்டை மாடி மோட்டல்கள் எழுந்தன. பிறகு விரைவுச்சாலைகள் வந்தன, வண்டிகள் அவற்றில் ஏறின, ஃப்ரீமாண்ட் உள்ளூர்த் தெருவாகச் சுருங்கியது.

நான் அந்தத் தெருவை முதலில் நடந்து பார்த்தது 2016இல். ப்ளூ ஏஞ்சல் என்ற மோட்டல் இடிக்கப்பட்டு ஓராண்டு ஆகியிருந்தது. கம்பி வேலிக்குள் சரளையும் காய்ந்த முள்ளும் கிடந்த வெற்று மனையின் மேல், கம்பத்தின் உச்சியில், பதினாறடி உயரத் தேவதை ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். நீல ஆடை, பொன்னிறக் கூந்தல், கையில் மந்திரக்கோல். அவள் காலடியில் அழைத்துத் தங்கவைக்க ஓர் அறைகூட இல்லை. அடுத்த ஆண்டே அவளையும் இறக்கிவிட்டார்கள். சென்ற ஆண்டு மீண்டும் போனபோது வேறொன்றைப் பார்த்தேன்: மோட்டல் போய்விட்ட மனைகளிலும், கதவடைத்த மோட்டல்களின் முன்பும், நியான் விளக்குப் பெயர்ப்பலகைகள் மட்டும் புதுவண்ணம் பூசிக்கொண்டு இரவில் எரிகின்றன.

இதைப் பாதுகாப்பு என்று கொண்டாடுவோர் பலர். எனக்கு அதில் ஓர் இடறல் இருக்கிறது. மோட்டல் பலகை என்பது ஓவியம் அன்று, விளி. ஓடும் காரில் இருப்பவனை நோக்கி ‘இங்கே இறங்கு, உனக்கு அறை உண்டு’ என்று அது கூப்பிடுகிறது. கூப்பிடும் குரலை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டை இடித்துவிட்டால், மிஞ்சியதைத் தெரு என்று சொல்லலாமா? பார்த்தவர்களும் இத்துறையை அறிந்தவர்களும் எழுதுங்கள்.

கண்ணாடிக்குழல்

நல்ல கேள்வி. ஆனால் ‘பலகை’, ‘மோட்டல்’ என்ற இரண்டையும் நீங்கள் ஒரே உடைமையாக எடுத்துக்கொண்டீர்கள். அங்கேதான் கொஞ்சம் தடம் மாறுகிறது. நான் விளம்பரப் பலகைத் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். நியான் குழல் வளைப்பவர்களுக்கு அருகிலேயே என் மேசை இருந்தது.

லாஸ் வேகஸில் பெரிய பலகைகள் பலவும் விடுதிக்காரருக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை. 1920இல் தாமஸ் யங் தொடங்கிய யெஸ்கோ போன்ற பலகை நிறுவனங்கள் அவற்றைச் செய்து, நட்டு, மாத வாடகைக்கு விட்டன. குழல் உடைந்தால் மாற்றுவதும் மின்மாற்றி கருகினால் பார்ப்பதும் அவர்கள் பொறுப்பு. விடுதி பெயர் மாறினாலோ வாடகை நின்றாலோ பலகையைக் கழற்றித் தங்கள் கிடங்கு வெளியில் போட்டுவிடுவார்கள், உதிரிக்கு ஆகும் என்று. ‘எலும்புக்கூட்டு வெளி’ என்று அதற்குப் பெயர் விழுந்தது. 1996இல் தொடங்கிய நியான் அருங்காட்சியகத்தின் கருவே அந்தக் கிடங்குதான். ஆகவே பலகை மோட்டலை விட்டுப் பிரிந்து வாழ்வது இன்றைய பாதுகாப்பாளர்கள் செய்த கோளாறு அன்று. தொடக்கத்திலிருந்தே அவை இரண்டு வேறு கணக்குப் புத்தகங்களில் இருந்தன.

வேலைப்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். கண்ணாடிக் குழலை எரிவாயுச் சுடரில் இளக்கி, வாயில் கவ்விய ரப்பர்க் குழாயால் மெல்ல ஊதிக்கொண்டே வளைக்க வேண்டும். ஊதுவது தவறினால் வளைவில் குழல் ஒட்டிப்போகும். பிறகு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, உயர் மின்னழுத்தத்தால் சூடேற்றி அழுக்கை விரட்டி, வாயுவை நிரப்பிச் சீல் வைப்பார்கள். தூய நியான் தருவது செம்மஞ்சள் மட்டும். நீலத்துக்கு ஆர்கானும் ஒரு துளி பாதரசமும் வேண்டும். மற்ற நிறங்களெல்லாம் கண்ணாடியின் நிறமோ உட்பூச்சோ. ஒழுங்காகச் செய்த குழல் பல பத்தாண்டுகள் எரியும். முதலில் சாவது மின்மாற்றியும் வண்ணப்பூச்சும் தகரமும். பாலைவன வெயில் சிவப்பைத்தான் முதலில் தின்னும்.

ப்ளூ ஏஞ்சலின் வடிவமைப்பாளர் பெட்டி வில்லிஸ் என்ற பெண்மணி. ஊரின் நுழைவாயிலில் 1959இல் நட்ட ‘வெல்கம் டு ஃபாபுலஸ் லாஸ் வேகஸ்’ பலகையும் அவர் கைவண்ணமே. அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அதனால்தான் சாவிக்கொத்து முதல் காப்பிக் குவளைவரை எல்லாவற்றிலும் அது அச்சாகிக் கிடக்கிறது. ப்ளூ ஏஞ்சல் இடிபட்ட அதே 2015இல்தான் அவரும் மறைந்தார். பலகை வெறும் விளி என்று நீங்கள் எழுதியதை அவர் ஒப்புக்கொண்டிருப்பாரா என்று எனக்கு ஐயம்.

வாரவாடகை

இரு நண்பர்களும் பலகையைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்களைப் பற்றி இன்னும் ஒருவரும் பேசவில்லை.

அமெரிக்கா வந்த புதிதில், கடன் வரலாறு இல்லாத காரணத்தால் எனக்கு எந்தக் குடியிருப்பிலும் வீடு தரவில்லை. பாலைவன ஊர் ஒன்றில் இப்படிப்பட்ட பழைய மோட்டல் ஒன்றில் ஏழு வாரம் இருந்தேன். முன்பணம் கேட்கவில்லை, ஒப்பந்தம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அந்த வாரத்து வாடகையை ரொக்கமாக அலுவலகச் சன்னலில் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அறைக்குள் ஓர் இரட்டை அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ், சன்னலை அடைத்துக்கொண்டு ஓயாமல் சொட்டும் ஏசி. பக்கத்து அறையில் தாயும் மூன்று பிள்ளைகளும். காலை ஏழு மணிக்குப் பள்ளிப் பேருந்து மோட்டல் வாசலிலேயே நிற்கும். சுற்றுலாப் பயணி ஒருவரைக்கூட நான் அங்கே பார்த்ததில்லை. பலகையில் ‘கலர் டிவி’ என்று எழுதியிருந்தது, 1960களில் வந்த யாரையோ நோக்கி.

ஃப்ரீமாண்ட் கிழக்கின் மோட்டல்களில் பெரும்பாலானவை கடைசிப் பத்தாண்டுகளில் இப்படி வாரவாடகைக் குடியிருப்புகளாகவே இருந்தன. வெயில்வழி அவர்கள் ‘விரைவுச்சாலை வந்தது, தெரு சுருங்கியது’ என்று ஒரே வரியில் முடித்த இடத்தில்தான் இந்த வாழ்க்கை இருந்தது. இதை நான் அழகுபடுத்தவில்லை. 2019 டிசம்பர் 21 அதிகாலையில் லாஸ் வேகஸ் நகர மையத்தில் ஆல்பைன் மோட்டல் என்ற பழைய கட்டடத்தில் தீப்பிடித்து ஆறு பேர் இறந்தார்கள். வெப்பமூட்டும் கருவி இல்லாமல் சமையல் அடுப்பை மூட்டிக் குளிர்காய்ந்திருக்கிறார்கள். பின்கதவு திறக்க முடியாதபடி அடைக்கப்பட்டிருந்தது. பழைய கட்டடம் நிற்க வேண்டும் என்று எழுதும்போது, அதன் மின்கம்பியும் பின்கதவும் எந்த நிலையில் நிற்கின்றன என்றும் கேட்க வேண்டும்.

ஆனால் இடித்துவிட்டால் அந்தத் தாயும் மூன்று பிள்ளைகளும் எங்கே போவார்கள் என்பதையும் அதே மூச்சில் கேட்கிறேன். அவர்களுக்கு அந்தப் பலகை வேறொருவருடைய பழைய நினைவு மட்டுமே, தேவைப்பட்டது கதவு.

இரவுக்காவல்

வாரவாடகை நண்பர் சொன்ன அலுவலகச் சன்னலின் இந்தப் பக்கம் இருந்தவன் நான். மாணவனாக இருந்தபோது, அரிசோனாவில் பழைய 66ஆம் எண் நெடுஞ்சாலை ஊர் ஒன்றில், குஜராத்திக் குடும்பம் ஒன்று நடத்திய மோட்டலில் இரவு மேசை பார்த்தேன். குடும்பம் முழுவதும் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் குடியிருந்தது. இரவு எட்டு மணிக்கு உள்ளே தாளிக்கும் கடுகின் மணம் வரவேற்பறைக்கு வந்துவிடும். பென் அவசரமாக ஓடிவந்து நடுக்கதவைச் சாத்துவார். (வீட்டு அம்மையாரை நாங்கள் எல்லோரும் பென் என்றே அழைப்போம், குஜராத்தியில் அக்கா என்று பொருள்.) நள்ளிரவுக்குமேல் மணி அடித்தால் நான் எழுவதற்குள் ஐயா எழுந்துவிடுவார். வருகிறவரின் கார் எண் பலகையைச் சன்னல் வழியாக முதலில் பார்ப்பார், பிறகுதான் முகத்தை.

அமெரிக்கத் தங்குவிடுதிகளில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு தங்கள் உறுப்பினர்களிடம் இருப்பதாக ஆசிய அமெரிக்க விடுதி உரிமையாளர் சங்கம் சொல்கிறது. அவர்களுள் மிகப்பெரும்பாலோர் குஜராத்திகள். 1989இல் அந்தச் சங்கம் உருவானதற்கு ஒரு பின்னணி உண்டு. அதற்கு முந்தைய ஆண்டுகளில் இந்தியர் நடத்தும் மோட்டல்களுக்குக் காப்பீடு தர மறுத்தார்கள், வங்கிகள் முகம் திருப்பின, போட்டி மோட்டல்கள் ‘அமெரிக்கர் உடைமை’ என்று வாசலில் எழுதிவைத்தன. பலகை என்பது கூப்பிடும் குரல் என்று இழையின் தொடக்கத்தில் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்தப் பலகைதான். சிலரை அது கூப்பிட்டது; சிலரைக் குறித்து மற்றவர்களை எச்சரித்தது.

இப்போது தெருவுக்கு வருகிறேன். இந்த மோட்டல்கள் ஏன் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன என்பதற்கு வெயிலையோ விரைவுச்சாலையையோ மட்டும் காரணம் சொல்ல முடியாது. இருபத்தைந்து அறை என்பது ஒரு குடும்பம் தன் உழைப்புக்குச் சம்பளம் எழுதாமல் நடத்துவதற்கேற்ற அளவு. துணி துவைப்பது அம்மா, குழாய் பழுது அப்பா, பள்ளி விட்டு வந்தால் மேசை பிள்ளை. அந்தப் பிள்ளை மருத்துவராகவோ கணினிப் பொறியாளராகவோ ஆனதும் கணக்கு உடைகிறது. மூன்று வேளைக்கும் ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்தால் இருபத்தைந்து அறையின் வாடகை காணாது. அதே நேரம் மனையின் விலை ஏறியிருக்கும். நான் வேலை பார்த்த மோட்டலும் அப்படித்தான் கைமாறியது. ஐயா அழவில்லை. சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, இனி இரவில் முழுதாகத் தூங்கலாம் என்று சொன்னார்.

பனைநிழல்

நான் கலிபோர்னியாவின் பாலைவனச் சுற்றுலா ஊரான பாம் ஸ்பிரிங்ஸுக்கு அரைமணி நேரத் தொலைவில் குடியிருக்கிறேன். இடிக்காமல், கதவுகளோடு சேர்த்தே மோட்டலைக் காப்பாற்ற முடியும் என்பதற்கு எங்கள் பள்ளத்தாக்கே சாட்சி என்று எழுதத்தான் வந்தேன். எழுதத் தொடங்கிய பிறகு எனக்கே முழு உறுதி இல்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். 1947இல் வில்லியம் கோடி வடிவமைத்த டெல் மார்கோஸ் இன்றும் விருந்தினரைத் தங்கவைக்கிறது. 1957இல் ஹெர்பர்ட் பர்ன்ஸ் கட்டிய சிறு விடுதி ஆர்பிட் இன் என்ற பெயரில் ஓடுகிறது. 1965இல் எழுந்த வெஸ்ட்வர்ட் ஹோ என்ற சாலையோர மோட்டல் 2009இல் ஏஸ் ஹோட்டலாக மறுபிறவி எடுத்தது. ஒட்டியிருந்த, டென்னி’ஸ் (Denny’s) என்ற தொடர் உணவகத்தின் பழைய கிளைகூட அதன் உணவுக்கூடமாயிற்று. இவை தப்பியதற்கு யாருடைய தொலைநோக்கும் காரணம் அன்று. 1970களிலும் 80களிலும் ஊர் நொடித்துப்போயிற்று. இடித்துக் கட்டப் பணம் போட ஆளில்லை. இல்லாமையே கட்டடங்களைக் காத்தது. 1990களில் வடிவமைப்பாளர்களும் ஒளிப்படக்காரர்களும் இவற்றைக் கண்டெடுத்தார்கள். 2006 முதல் இந்தக் கட்டடக்கலையைக் கொண்டாட ஆண்டுதோறும் நவீனத்துவ வாரம் நடக்கிறது. இன்று அந்த மெல்லிய கூரைகளைப் பார்க்கவே கூட்டம் வருகிறது.

இப்போது இடறல். காப்பாற்றிய மோட்டல்களில் பலவற்றுக்கு முன்னால் இன்று வேலிச்செடி, மதில், எண் அழுத்தினால் திறக்கும் கதவு. மோட்டலின் பழைய அமைப்பை நினைத்துப் பாருங்கள். ‘ட’ போலவோ மூன்று பக்கமும் அடைத்த முற்றம் போலவோ அறைகள். நடுவே நீச்சல் குளம், அதுவும் சாலையில் போகிறவன் கண்ணில் படும்படி, ஏனென்றால் வெக்கையில் வருகிறவனுக்கு நீலத் தண்ணீரைவிடப் பெரிய விளம்பரம் இல்லை. இன்று அதே குளம் யார் கண்ணுக்கும் படக்கூடாது என்பதற்காகத்தான் விலையே ஏறுகிறது. கட்டடம் அச்சு அசலாக இருக்கிறது, ஆனால் தெருவைப் பார்த்து அது பேசிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. வெயில்வழி அவர்கள் லாஸ் வேகஸில் கண்டதற்கு நேர் தலைகீழ்: அங்கே குரல் இருக்கிறது, அறை இல்லை, இங்கே அறை இருக்கிறது, குரல் இல்லை.

பாம் ஸ்பிரிங்ஸ் பற்றிப் பேசும்போது மண்ணைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ரயில் பாதைக்கு இருபுறமும் ஒற்றைப்படை எண் கொண்ட சதுர மைல்கள் ரயில் நிறுவனத்துக்கும், இரட்டைப்படை எண் கொண்டவற்றுள் பல அகுவா கலியென்டே பழங்குடியினருக்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலம் சதுரங்கப் பலகை போலப் பங்கிடப்பட்டது. பழங்குடி நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு விடலாம் என்று 1959இல் சட்டம் வந்ததும் அதன் மதிப்பு எகிறியது. ஊரின் நடுவில் இருந்த பதினான்காம் பிரிவு என்ற ஒரு சதுர மைலில் குடியிருந்த கறுப்பின, மெக்சிகப் பின்னணிக் குடும்பங்கள், பழங்குடியினர் எனப் பலர் 1950களிலும் 60களிலும் வெளியேற்றப்பட்டு, வீடுகள் கொளுத்தப்பட்டன. மோட்டல்களைத் துடைத்துப் பெருக்கி அவர்களுள் பலர்தான் அந்தச் சுற்றுலா ஊரை நடத்தினார்கள். நகரவை 2021இல் மன்னிப்புக் கேட்டது. 2024இல் 59 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு உடன்பாடு ஆயிற்று. பழைய தெருவைக் காக்கும் ஊர் என்று எங்கள் ஊரைப் புகழும்போது எந்தத் தெருவை என்று கேட்பது நியாயம்.

கறார்வாசகன்

எல்லோரும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல எழுதுகிறீர்கள். அந்த மோட்டல்களே அவற்றுக்கு முன்பிருந்த தெருவைத் தின்றுதான் வந்தன. ரயிலடியிலிருந்து நடந்துபோய்த் தங்கும் ஊராக இருந்ததைக் காருக்காக அகட்டியவை அவை. பாதசாரிக்கு நிழல் இல்லை, நடைபாதையை ஐம்பதடிக்கு ஒருமுறை வண்டிகள் வெட்டிக்கொண்டு நுழையும். கோடையில் 43 பாகையைத் தாண்டும் ஊரில் அந்த வடிவத்தை மீட்டு யாருக்கு என்ன பயன்?

இணையத்தில் காலணி விற்கும் ஜாப்போஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்த டோனி ஷே 2012இல் தொடங்கிய 35 கோடி டாலர்த் திட்டத்தைத் திட்டாத கட்டுரை இல்லை. ஃப்ரீமாண்ட் கிழக்கில் மோட்டல்களை வரிசையாக வாங்கிப் போட்டவர், சிலவற்றை இடித்தவர் அவர்தான். ஆனால் ஃபெர்குசன்ஸ் என்ற பழைய மோட்டலைப் பாருங்கள். அறைகள் கடைகளாயின, கார் நிறுத்திய முற்றத்தில் மக்கள் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள், நடுவில் இரண்டு டாங்கர் லாரிகள் பாம்புகள் போலப் பின்னி வான்நோக்கி நிற்கும் சிற்பம். கதவுகள் இருக்கின்றன, முற்றம் இருக்கிறது, நிழலும் இருக்கிறது. தங்க முடியாது என்பது மட்டும்தான் குறை. தங்குவதற்கு ஊரில் ஒரு லட்சத்துக்கு மேல் அறைகள் இருக்கின்றனவே.

தொல்குறிப்பு

கறார்வாசகன் தொட்டதோடு ஒன்று சேர்க்கிறேன். ‘உனக்கு அறை உண்டு’ என்ற அழைப்பு எல்லோருக்கும் உரியதாக இருந்ததில்லை. அதைக் காட்ட ஒரு மோட்டலே இருக்கிறது.

ஸ்ட்ரிப் சாலையில் 1961இல் திறந்த லா கொன்சா மோட்டலின் வரவேற்புக் கூடம், கடற்சிப்பி விரிந்தது போன்ற மெல்லிய கான்கிரீட் ஓட்டால் ஆனது. அதை வடிவமைத்தவர் பால் ரெவேர் வில்லியம்ஸ், கறுப்பினக் கட்டடக் கலைஞர். அந்த ஊரில் கறுப்பினத்தவர் மேடையில் பாடலாம், ஆனால் பாடிய விடுதியில் தங்க முடியாது என்ற நிலை 1960 மார்ச்சில் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகுதான் தளரத் தொடங்கியது. 1955இல் இரு நிறத்தாரையும் சேர்த்தே வரவேற்றுத் திறந்த மூலான் ரூஜ் விடுதி அதே ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் வில்லியம்ஸ் எழுப்பிய அந்தச் சிப்பி, மோட்டல் இடிந்தபோது அறைகளோடு போகாமல் தப்பியது. அதை எட்டுத் துண்டாக அறுத்து 2006இல் வடக்கே எடுத்துப்போய் மீண்டும் ஒட்டினார்கள். 2012 முதல் நியான் அருங்காட்சியகத்துக்குள் நுழைவது அந்தக் கூடத்தின் வழியாகத்தான்.

ஆகவே பலகை தனியாக, வரவேற்பறை தனியாக என்று மோட்டலின் உறுப்புகள் எல்லாம் அங்கே சேர்ந்துவிட்டன. தூங்கும் அறை ஒன்றுகூட அங்கே இல்லை.

வெயில்வழி

இத்தனை விரிவான மறுமொழிகளை நான் எதிர்பார்க்கவில்லை. என் தொடக்கப் பதிவில் இருந்த பிழைகளை ஏற்கிறேன். பலகையும் மோட்டலும் வெவ்வேறு உடைமைகள் என்பது எனக்குத் தெரியாது. வாரவாடகை நண்பரின் பதிவைப் படித்த பிறகு, ‘அழைக்க அறை இல்லை’ என்று நான் எழுதியதில் சுற்றுலாப் பயணியின் பார்வை மட்டுமே இருந்தது என்று புரிகிறது. கடைசியாக அந்த அறைகளில் இருந்தவர்கள் பலகை பார்த்து வந்தவர்கள் அல்லர்.

ஆனாலும் கறார்வாசகனோடு முழுக்க உடன்பட முடியவில்லை. ஒரு லட்சம் அறைகள் இருப்பது உண்மை. அவற்றில் ஒன்றின் கதவாவது தெருவைப் பார்த்து இருக்கிறதா? வாகனக்கூடம், மின்தூக்கி, சூதாட்டத் தளம், நீண்ட தாழ்வாரம் ஆகிய நான்கையும் கடந்துதான் அறை. மோட்டலில் கதவைத் திறந்தால் பத்தடியில் உங்கள் கார், முப்பதடியில் ஊர். 1968இல் கட்டடக்கலை ஆசிரியர்களான ராபர்ட் வென்சூரியும் டெனிஸ் ஸ்காட் பிரவுனும் ஸ்டீவன் ஐசனவரும் யேல் பல்கலைக்கழக மாணவர்களோடு லாஸ் வேகஸ் வந்தபோது, கட்டடம் சிறிது, பலகை பெரிது என்பதைக் கேலி செய்யாமல் பாடமாக எடுத்துக்கொண்டார்கள். சிறிதாகவேனும் பின்னால் அந்தக் கட்டடம் இருந்தது என்பதுதான் நான் சொல்ல வருவது.

பூல்வார்டின் வடபகுதியில் சாலை நடுத்திட்டில் அருங்காட்சியகம் நட்டிருக்கும் மோட்டல் பலகைகளைப் பாருங்கள். போ அண்டு ஆரோ இருக்கிறது. ‘எல்விஸ் இங்கே உறங்கினார்’ என்று பெருமை பேசும் நார்மண்டி மோட்டல் பலகை இருக்கிறது. எல்விஸ் உறங்கினாரோ இல்லையோ, அந்த ‘இங்கே’ இப்போது நான்கைந்து வழிச்சாலைக்கு நடுவில் நிற்கிறது. சிரிப்பும் வந்தது, கண்ணாடிக்குழல் அவர்களின் தொழில் நண்பர்கள் அதை ஒளியூட்டியிருந்த நேர்த்தியைப் பார்த்து நின்றும்விட்டேன்.

மூன்றாவது வழி உண்டா என்றால், நியூ மெக்சிகோவின் டுக்கும்காரியைச் சொல்வேன். 1939இல் கட்டிய ப்ளூ ஸ்வாலோ மோட்டல் அங்கே இன்னும் மோட்டலாகவே இருக்கிறது. அறைக்குப் பக்கத்திலேயே அறைக்குரிய கார்க்கூடம், மேலே நீல நியான் குருவி, ‘நூறு விழுக்காடு குளிரூட்டிய காற்று’ என்ற வாசகம். லில்லியன் ரெட்மன் என்ற அம்மையார் 1958 முதல் நாற்பது ஆண்டு அதை நடத்தினார். 40ஆம் எண் விரைவுச்சாலை ஊரை ஒதுக்கிவிட்டுப் போனபோதும் அவர் கதவடைக்கவில்லை. இரவுக்காவல் நண்பர் சொன்ன கணக்கை இது பொய்யாக்கவில்லை, உறுதிதான் செய்கிறது. உரிமையாளரே மேசையில் உட்கார்ந்தார். மனைக்குப் பெரிய விலை கேட்டு யாரும் வரவும் இல்லை.

இரவுக்காவல்

உண்மை. டுக்கும்காரியில் மனைக்கு விலை இல்லை, அதனால் மோட்டல் நிற்கிறது. ஆனால் அதே தெருவில் அதன் இருபுறமும் கதவு சன்னல்களில் மரப்பலகை அடித்து மூடிய மோட்டல்களும் நிற்கின்றனவே. ஒன்று நிற்பதை வைத்துத் தெருவைக் கணக்கிடாதீர்கள்.

வாரவாடகை

வெயில்வழி ஐயா, ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த முறை போகும்போது பலகைகளை விட்டுவிட்டு, இடித்த மனைகளுக்குள் தரையைப் பாருங்கள். என்ன மிஞ்சியிருக்கிறது என்று எழுதுங்கள்.

வெயில்வழி

சென்ற ஆண்டே ஒரு மனையில் பார்த்தேன், எழுதத் தோன்றவில்லை. கம்பி வேலி ஓரிடத்தில் சரிந்திருந்தது. உள்ளே சரளை நிரப்பிய ஒரு பள்ளத்தைச் சுற்றி, முந்திரிப்பருப்பு வடிவில், வெளிறிய நீல ஓட்டு விளிம்பு மட்டும் இருந்தது. அது குளம். அதற்கு அப்பால் தரைக் கான்கிரீட் அப்படியே கிடந்தது. சுவர் நின்ற தடங்களை வைத்து அறைகளை எண்ண முடிந்தது. ஒவ்வோர் அறைக்கு முன்னாலும் காரின் முன்சக்கரம் முட்டி நிற்கும் சிமெண்டுக் கட்டை ஒன்று. பதினொன்றுவரை எண்ணினேன். கடைசிக் கட்டையில் மஞ்சள் வண்ணத்தில் எழுதிய 12 என்ற எண் இன்னும் தெளிவாக இருந்தது. இடையில் ஒரு கட்டையை யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.